கைப்பேசியைப் பறிப்பது தீர்வாகாது!

2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் திருச்சி மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த வருண்குமாரும், புதுக்கோட்டை மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த அவருடைய மனைவி வந்திதா பாண்டேயும் எக்ஸ் சமூக ஊடகத் தளத்திலிருந்து தற்காலிகமாக விலகுவதாக அறிவித்தனர். அரசியல் தொடர்புடைய ஒரு கைது நடவடிக்கையைத் தொடர்ந்து, அவர்கள் மீதும் அவர்களுடைய குடும்பத்தினர் மீதும் ஆபாசப் பதிவுகளும் மிரட்டல்களும் குவிந்ததே அதற்குக் காரணம். வழக்குகளும் பதிவாயின.

ஒரு மாவட்டத்தின் காவல் பொறுப்பைக் கையில் வைத்திருந்த அதிகாரிகளுக்கே இந்த நிலை என்றால், லால்குடியிலிருந்தோ துறையூரிலிருந்தோ நாள்தோறும் சத்திரம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கிக் கல்லூரிக்குச் செல்லும் பத்தொன்பது வயது மாணவியின் நிலை என்ன? அவளுடைய படத்தை எடுத்து, அவள் பெயரிலேயே ஒரு போலிக் கணக்கைத் தொடங்கி, அதில் அவளுடைய கைப்பேசி எண்ணையும் ஒருவன் போட்டுவிட்டால் அவள் யாரிடம் சொல்வாள்? சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்?

பெரும்பாலான வீடுகளில் நடப்பது நமக்குத் தெரியும். முதலில் கைப்பேசி பறிக்கப்படும். அடுத்துக் கல்லூரி நிறுத்தப்படும். அதற்கடுத்து அவசர அவசரமாக வரன் பார்க்கப்படும். தொந்தரவு செய்தவனுக்கு எந்த இழப்பும் இல்லை.

பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் எதையும் செலவு, பயன் என்று பிரித்துப் பார்ப்பது என் பழக்கம். ஒருவர் செய்யும் செயலின் செலவை அதில் தொடர்பே இல்லாத இன்னொருவர் சுமக்க நேர்வதை நாங்கள் 'புறவிளைவு' என்போம். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர், உழவர்களின் கிணறுகளைக் கெடுத்தது அதற்கு நம் மாநிலத்து உதாரணம். லாபம் ஒருவருக்கு, நஷ்டம் வேறொருவருக்கு. அந்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உறுதிப்படுத்தியது.

இணையவழித் துன்புறுத்தலில் நாம் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறோம். துன்புறுத்துபவனுக்கு ஆகும் செலவு ஒரு சிம் அட்டையும் பத்து நிமிடமும்தான். துன்பப்படுபவளோ படிப்பை, வேலையை, உறக்கத்தை, சில வேளைகளில் உயிரையே விலையாகக் கொடுக்கிறாள். அந்த விலையை அவளிடம் வசூலிப்பவர்கள் பெரும்பாலும் அவள் மீது அன்பு கொண்டவர்கள். தற்காத்துக்கொள்வது எப்படி என்ற கேள்விக்கான விடை, இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுவதில்தான் தொடங்குகிறது.

இதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி தோழியுடன் என் அறைக்கு வந்தாள். அவள் பேசவில்லை, தோழிதான் பேசினாள். யாரோ ஒருவன் அவளுடைய படத்தை வைத்து முகநூலில் கணக்குத் தொடங்கியிருந்தான். இரவுதோறும் வெவ்வேறு எண்களிலிருந்து செய்திகள் வந்தன. அன்று அவள் எந்தப் பேருந்தில் ஏறினாள், என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்பதுகூட அவற்றில் இருந்தது. 'இதையெல்லாம் பொருட்படுத்தாதே அம்மா. வந்தவற்றை அழித்துவிடு, எண்ணை மாற்றிவிடு, படிப்பில் கவனம் வை' என்றேன். நல்ல அறிவுரை சொன்னதாகவே நினைத்தேன்.

அவள் அப்படியே செய்தாள். மூன்று வாரங்களில் புது எண்ணுக்கும் செய்திகள் வரத் தொடங்கின. இம்முறை அவளுடைய தந்தையின் எண்ணுக்கும் வந்தன. புகார் அளிக்கலாம் என்று நினைத்தபோது, முன்பு வந்தவற்றில் காட்டுவதற்கு எதுவும் இல்லை. என் பேச்சைக் கேட்டு எல்லாவற்றையும் அழித்திருந்தாள். கல்லூரிக்கு வந்த தந்தை, 'புகாரெல்லாம் வேண்டாம் சார். ஊருக்குள் தெரிந்தால் இவளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பெண்களுக்கும் வரன் வராது' என்று கைகூப்பினார். ஆறாம் பருவத் தேர்வை அவள் எழுதவில்லை.

புதிய எண்ணை அவள் மிகச் சிலருக்கே கொடுத்திருந்தாள். அப்படியானால் துன்புறுத்தியவன் அந்தச் சிலருள் ஒருவன், அல்லது அவர்களுக்கு நெருக்கமானவன். அந்த எளிய உண்மைகூட அன்று எனக்கு உறைக்கவில்லை. அதன் பிறகே இது தொடர்பான வழக்குகளையும் சட்டங்களையும் தேடிப் படிக்கலானேன்.

முகம் தெரியாத எவனோ எங்கோ அமர்ந்து இதைச் செய்கிறான் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். வழக்குகள் வேறு கதையைச் சொல்கின்றன. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் மணமுறிவு பெற்ற பெண் ஒருவர் காவல்துறையில் புகார் அளித்தார். யாகூ குழுமம் ஒன்றில் அவரைப் பற்றி ஆபாசச் செய்திகளும், அவருடைய தொடர்பு விவரங்களும் வெளியாகியிருந்தன. அதைப் பார்த்துப் பலர் அவருக்குத் தொலைபேசியில் தொல்லை கொடுத்தனர். விசாரணையில் மும்பையில் பிடிபட்டவர், அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தவர். அந்தப் பெண்ணை மணக்க விரும்பி மறுக்கப்பட்டவர். அதே ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி எழும்பூர் நீதிமன்றம் அவருக்கு இரண்டாண்டு கடுங்காவல் தண்டனை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆவது பிரிவின் கீழ் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் தண்டனை என்று சட்ட மாணவர்களுக்கு இன்றும் இது கற்பிக்கப்படுகிறது. இன்றுள்ள வசதிகள் எதுவும் இல்லாத காலத்தில், புகார் அளித்த ஓராண்டுக்குள் தீர்ப்பு வந்தது. பெண் துணிந்து புகார் அளித்ததும், மின்னணுச் சான்றுகள் முறையாகத் திரட்டப்பட்டதுமே அதற்குக் காரணம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு சேலம் மாவட்டத்தில் நிகழ்ந்தது இதற்கு நேரெதிர். 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதம், உருமாற்றப்பட்ட தன் படங்கள் முகநூலில் வெளியானதால் பட்டதாரிப் பெண் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். குடும்பத்தினர் புகார் அளித்திருந்தும் நடவடிக்கை தாமதமானது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பின்னர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அந்த வழக்கில் கைதானவரும் அந்தப் பெண்ணை மணக்க விரும்பியவர்தான் என்று காவல்துறை தெரிவித்தது. தான் யாருக்கும் படம் அனுப்பவில்லை என்பதைப் பெற்றோரே நம்பவில்லையே என்ற வேதனையை அந்தப் பெண் எழுதி வைத்திருந்தார். அதைப் படித்த எந்தத் தந்தைக்கும் தாய்க்கும் உறக்கம் வந்திருக்காது.

இந்த இரு நிகழ்வுகளுக்கும் இடையிலான வேறுபாடு தொழில்நுட்பத்தில் இல்லை. ஒன்றில் புகார் விரைந்து விசாரிக்கப்பட்டது; மற்றொன்றில் வீட்டிலும் காவல் நிலையத்திலும் நம்பிக்கை கிடைக்கவில்லை.

இனி, ஒருவர் தம்மைத் தற்காத்துக்கொள்ளச் செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம். முதலாவது, வரும் முன் காப்பது. ஸ்ரீரங்கத்தில் வசிப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நம் ஊர்க் கோயிலுக்கு ஏழு திருச்சுற்றுகள். வெளிச்சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் உள்ளன. சித்திரை வீதியில் யாரும் எந்நேரமும் நடக்கலாம். உள்ளே செல்லச் செல்ல வாசல்களும் நேரங்களும் விதிகளும் கூடுகின்றன. நம்மைப் பற்றிய ஒவ்வொரு தகவலும் எந்தச் சுற்றில் இருக்க வேண்டும் என்று நாமே முடிவு செய்ய வேண்டும். பெயரும், படித்த கல்லூரியும் வெளிவீதியில் இருக்கலாம். கைப்பேசி எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி, குழந்தையின் பள்ளி, நாள்தோறும் செல்லும் வழி ஆகியவை உள்சுற்றுகளுக்கு உரியவை. கடவுச்சொல்லும், ஒருமுறைக் கடவு எண்ணும் கருவறைக்கு உரியவை. நண்பரானாலும் காதலரானாலும் பகிரக் கூடாதவை.

வைகுண்ட ஏகாதசியன்று குடும்பத்துடன் வரிசையில் நிற்கும்போதே படம் எடுத்து, இடத்தையும் குறித்து உடனுக்குடன் வெளியிடுகிறோம். நாம் எங்கே இருக்கிறோம், வீட்டில் யாரும் இல்லை என்ற இரு செய்திகளையும் அதன்மூலம் ஊருக்கு அறிவிக்கிறோம். வீடு திரும்பிய பிறகு வெளியிட்டால் பெருமாள் கோபித்துக்கொள்ளமாட்டார்.

சமூக ஊடகக் கணக்குகளில் நம் பதிவுகளை யார் பார்க்கலாம், யார் நமக்குச் செய்தி அனுப்பலாம், நம் எண்ணைக் கொண்டு யார் நம்மைத் தேடலாம் என்பவற்றை நாமே வரையறுக்க முடியும். ஒவ்வொரு கணக்குக்கும் தனிக் கடவுச்சொல்லும் இருபடிச் சரிபார்ப்பும் இருப்பது நல்லது. வாட்ஸ்ஆப் செயலியில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பகுதியை மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். நம் கைப்பேசி சில நிமிடங்கள் மற்றவர் கைக்குப் போனாலே போதும். நம் உரையாடல்கள் அனைத்தையும் வேறொரு கணினியில் அவரால் படிக்க முடியும். நம் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் உள்ளன என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் சரிபார்த்து, நாம் வாங்காதவை இருந்தால் புகார் அளிக்கலாம். உடனடிக் கடன் தருவதாகச் சொல்லும் செயலிகள் நம் தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். தவணை தவறினால் அந்தப் படங்களை உருமாற்றி உறவினர்களுக்கு அனுப்பி மிரட்டும் கும்பல்கள் உண்டு. அந்த அனுமதியை மறுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, தொல்லை தொடங்கியபின் செய்ய வேண்டியது. 'எனக்கு உங்களுடன் பேச விருப்பமில்லை, இனித் தொடர்புகொள்ள வேண்டாம்' என்று ஒரே ஒருமுறை எழுத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதன்பின் எந்த மறுமொழியும் கூடாது. இது வெறும் நாகரிகம் அன்று, சட்டத்துக்குத் தேவையானது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு, ஒரு பெண் தெளிவாக விருப்பமின்மையைத் தெரிவித்த பின்னரும் அவரை மீண்டும் மீண்டும் தொடர்புகொள்ள முயல்வதைக் குற்றம் என்கிறது. அவருடைய இணையம், மின்னஞ்சல் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் அதே பிரிவில் அடங்கும். முதல்முறை குற்றத்துக்கு மூன்றாண்டு வரையிலும், மீண்டும் செய்தால் ஐந்தாண்டு வரையிலும் சிறைத் தண்டனை உண்டு. கெஞ்சியும் திட்டியும் அனுப்பும் நீண்ட பதில்கள் துன்புறுத்துபவனுக்குத் தீனி. ஒரே ஒரு தெளிவான மறுப்பு நமக்குச் சான்று.

மூன்றாவது, நான் அந்த மாணவிக்குச் சொல்லத் தவறியது: எதையும் அழிக்கக் கூடாது. செய்திகளையும் படங்களையும் தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். கணக்கின் பெயரை மட்டும் குறித்தால் போதாது. பெயரை நொடியில் மாற்றிவிடலாம். அந்தக் கணக்கின் இணைய முகவரியையும் படியெடுத்து வைக்க வேண்டும். அழைப்புகள் வந்த எண், நாள், நேரம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவது நல்லது. அந்தச் செய்திகள் வந்த கைப்பேசியை விற்கவோ மாற்றவோ கூடாது. மின்னணுச் சான்றை நீதிமன்றம் ஏற்பதற்கு உரிய சான்றிதழ் தேவைப்படும்போது, மூலக் கருவி கையில் இருப்பது பலம். இவற்றையெல்லாம் செய்த பிறகே அந்தக் கணக்கைத் தடை செய்து, தளத்திடம் முறையிட வேண்டும். முதலில் தடை செய்துவிட்டுப் பிறகு சான்று தேடினால் கிடைக்காமல் போகலாம்.

நான்காவது, பணம் கேட்டு மிரட்டினால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. முதல் தொகையைக் கொடுத்தவுடன், இவரிடம் கறக்கலாம் என்று மிரட்டுபவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த தொகை கூடுதலாகவே இருக்கும். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வந்த காணொலி அழைப்பை எடுத்து, அதைப் பதிவு செய்து மிரட்டப்படும் ஆண்களில் ஓய்வூதியம் பெறும் என் வயதினரும் உண்டு. வெட்கத்தால் அவர்கள் மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ அவ்வளவுக்கு அந்தத் தொகையை முடக்கும் வாய்ப்பு அதிகம்.

ஐந்தாவது, புகார். தேசிய இணையவழிக் குற்றப் புகார் தளமான சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற முகவரியில் வீட்டிலிருந்தபடியே புகாரைப் பதியலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாச உள்ளடக்கங்கள் குறித்துப் பெயர் தெரிவிக்காமலும் தகவல் தர அதில் வழி உண்டு. நேரில் செல்ல விரும்பினால், திருச்சி மாநகரக் காவல்துறைக்கும் மாவட்டக் காவல்துறைக்கும் தனித்தனியே சைபர் கிரைம் காவல் நிலையங்கள் உள்ளன. ஸ்ரீரங்கமும் தில்லைநகரும் மாநகரக் காவல் எல்லையில் வருகின்றன; லால்குடி, முசிறி, மணப்பாறை, துறையூர் ஆகியவை மாவட்டக் காவல்துறையின் கீழ் உள்ளன.

'இது எங்கள் எல்லை இல்லை' என்று யாரையும் திருப்பி அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி, கைது செய்யத்தக்க குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். மின்னணு வழியிலும் அனுப்பலாம். மூன்று நாள்களுக்குள் கையொப்பமிட்டால் போதும். காவல் நிலையம் ஏற்க மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் எழுதலாம். அதற்கும் பலன் இல்லையெனில் குற்றவியல் நடுவரை அணுகலாம். ஆபத்து உடனடியானது என்றால் 112; பெண்களுக்கு 181; குழந்தைகளுக்கு 1098. இந்த எண்கள் ஒவ்வொரு வீட்டின் நாள்காட்டியிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வயதில் சிறியவர்களைப் பொறுத்தவரை சட்டம் இன்னும் தெளிவாக உள்ளது. பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பாலியல் நோக்கத்துடன் மின்னணு வழியில் தொடர்ந்து தொடர்புகொள்வதே 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டத்தின்படி குற்றம். இதில் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற வேறுபாடு இல்லை. மேலே சொன்ன 78-ஆவது பிரிவு பெண்களுக்கு மட்டுமே பொருந்தும் என்றாலும், பாதிக்கப்படும் ஆண்களுக்கும் வழி உண்டு. மற்றவருடைய அடையாளத்தைத் திருடுவது, ஆள்மாறாட்டம் செய்வது, அந்தரங்கப் படங்களை வெளியிடுவது ஆகியவை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் யாருக்கு எதிராகச் செய்தாலும் குற்றம்தான்.

ஆறாவது, படங்கள் வெளியாகிவிட்டால் என்ன செய்வது? இதுதான் பலரை நிலைகுலையச் செய்வது. வெளியானதைத் திரும்பப் பெறவே முடியாது என்பது இன்று முழு உண்மை அன்று. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒருவருடைய அந்தரங்கப் படத்தையோ உருமாற்றப்பட்ட படத்தையோ குறித்து அவரே முறையிட்டால் 24 மணி நேரத்துக்குள் தளங்கள் அதை நீக்க வேண்டும் என்று கெடு விதித்தன. 2025-ஆம் ஆண்டு ஜூலையில், பெண் வழக்குரைஞர் ஒருவரின் அந்தரங்கக் காட்சிகள் பல தளங்களில் பரவிய வழக்கில், அவற்றை 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்குச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பாதிக்கப்படும் பெண்கள் பின்பற்றத்தக்க நடைமுறை ஒன்று வேண்டும் என்றும் வலியுறுத்தியது. சட்டம் அறிந்த ஒரு வழக்குரைஞரே உயர்நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இதற்கு உதவும் இன்னொரு வழி, 2021-ஆம் ஆண்டு இறுதியில் பிரிட்டனிலிருந்து இயங்கத் தொடங்கிய 'ஸ்டாப்என்சிஐஐ' என்ற கட்டணமற்ற சேவை. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நம் கருவியிலேயே அந்தப் படத்துக்கு ஓர் எண்முறைக் கைரேகை உருவாக்கப்பட்டு, அது மட்டும் முகநூல், இன்ஸ்டாகிராம் போன்ற, இச்சேவையில் இணைந்துள்ள தளங்களுக்கு அனுப்பப்படுகிறது. அதே படத்தை யாராவது பதிவேற்ற முயன்றால் அந்தத் தளங்களால் அடையாளம் காண முடியும். மிரட்டல் வந்தவுடனே, படம் வெளியாகும் முன்பே இதைப் பயன்படுத்தலாம். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து இயங்கும் 'டேக் இட் டவுன்' என்ற சேவை உள்ளது.

இவ்வளவு சட்டங்களும் வழிகளும் இருந்தும் ஏன் இந்தக் குற்றம் குறையவில்லை? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, நாட்டில் பதிவான இணையவழிக் குற்ற வழக்குகள் 2022-ஆம் ஆண்டு 65,893. 2023-ஆம் ஆண்டு 86,420. இவற்றில் பெரும்பகுதி பண மோசடிகள். பணம் இழந்தவர் புகார் அளிக்கத் தயங்குவது குறைவு. மானம் போய்விடும் என்று அஞ்சுபவர் காவல் நிலையத்தின் பக்கமே செல்வதில்லை. எனவே துன்புறுத்தல் வழக்குகளின் எண்ணிக்கையைக் கொண்டு துன்புறுத்தலின் அளவை மதிப்பிடுவது, வங்கிக்கு வராத பணத்தை வங்கிக் கணக்கில் தேடுவது போன்றது.

தண்டனையின் கடுமையைக் காட்டிலும், தண்டனை தப்பாது என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764-ஆம் ஆண்டே எழுதினார். குற்றம் செய்ய நினைப்பவர், கிடைக்கும் பயனையும் பிடிபடும் வாய்ப்பையும் எடை போடுகிறார் என்று நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1968-ஆம் ஆண்டு விளக்கினார். நம் ஊரில் துன்புறுத்துபவனின் கணக்கு மிக எளிது. பிடிபடும் வாய்ப்பை அவன் காவல்துறையின் திறமையைக் கொண்டு கணிப்பதில்லை; அந்தப் பெண் வீட்டில் சொல்லமாட்டாள், சொன்னாலும் வீட்டார் வெளியே சொல்லமாட்டார்கள் என்பதைக் கொண்டே கணிக்கிறான். தண்டனையை மூன்றாண்டிலிருந்து பத்தாண்டாக உயர்த்தினாலும் அந்தக் கணக்கு மாறாது. புகார்களின் எண்ணிக்கை உயர்ந்தால் மாறும்.

பொள்ளாச்சி வழக்கு அதற்குச் சான்று. பெண்களைக் காணொலி எடுத்து மிரட்டிய அந்தக் கும்பல், யாரும் பேசமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் செயல்பட்டது. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு பெண் புகார் அளித்தார். அவருடைய பெயரைக் காவல்துறை அதிகாரியே வெளியிட்ட கொடுமையும் நடந்தது. ஆயினும் பாதிக்கப்பட்ட பெண்கள் பின்வாங்கவில்லை. சாட்சி சொன்னவர்களில் ஒருவரும் பிறழவில்லை. 2025-ஆம் ஆண்டு மே 13-ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. எந்தக் காணொலிகளைக் காட்டி அவர்கள் மிரட்டினார்களோ, அவையே அவர்களுக்கு எதிரான சான்றாயின.

கல்லூரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. திருச்சியைச் சுற்றியுள்ள பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களிலிருந்து குடும்பத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக ஆயிரக்கணக்கான மாணவிகள் இங்கு வந்து படிக்கின்றனர். அவர்களுள் ஒருத்தி படிப்பை நிறுத்தினால், அந்தத் தெருவில் அடுத்து வரவிருக்கும் பெண்களின் படிப்பும் கேள்விக்குறியாகிறது. மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் மாணவியிடம் காரணத்தைத் தனியே கேட்டறியப் பெண் பேராசிரியர் ஒருவரை ஒவ்வொரு துறையும் நியமிக்கலாம். வகுப்பு வாட்ஸ்ஆப் குழுக்களில் எல்லா மாணவியரின் எண்களும் எல்லோருக்கும் தெரிவதையும், தேர்வு முடிவுகள் பெயரும் பிறந்த தேதியுமாகச் சுற்றுக்கு விடப்படுவதையும் நிறுத்தலாம். இவற்றுக்குத் தனியே நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சுருக்கமானது. மகள் வந்து சொன்னால், 'நீ ஏன் படம் போட்டாய்' என்பது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. கைப்பேசியைப் பறித்தால் சான்றையும் பறிக்கிறோம். அடுத்தமுறை நம்மிடம் சொல்லும் துணிவையும் பறிக்கிறோம். அவள் சாப்பிடாமலும் உறங்காமலும் ஒதுங்கி இருந்தால் 14416 என்ற 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணையோ, தமிழக அரசின் 104 எண்ணையோ அழைக்கலாம். மகன்கள் இருக்கும் வீடுகளில் இன்னொரு பேச்சும் தேவை. மறுக்கும் உரிமை ஒரு பெண்ணுக்கு உண்டு என்பதையும், மறுத்தவளைப் பின்தொடர்வது காதல் ஆகாது என்பதையும் வீட்டில்தான் அவன் கற்க வேண்டும். திரைப்படங்கள் அதைக் கற்பிக்கவில்லை.

பாலாற்றுக் கிணறுகளைக் கெடுத்தவர்கள் செலவை ஏற்க வேண்டும் என்று சட்டம் சொல்ல நமக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை உழவர்கள் நிலத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். இணையத்திலும் படிப்பிலும் இருந்து நம் பெண்கள் வெளியேறிக்கொண்டிருப்பதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வெளியேற வேண்டியவர்கள் அவர்கள் அல்லர்.

அந்த மாணவி இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இன்று அவள் மீண்டும் என் அறைக்கு வந்தால், 'உட்கார் அம்மா, வந்தவை அனைத்தையும் காட்டு, ஒன்றையும் அழித்துவிடாதே. அப்பாவிடம் நானும் பேசுகிறேன். மூவருமாகப் போய்ப் புகார் எழுதிக் கொடுப்போம்' என்பேன். அன்று என்னால் சொல்ல முடியாமல் போன அந்தச் சொற்களைச் சொல்லும் வாய்ப்பு, இதைப் படிக்கும் பெற்றோரிலும் ஆசிரியர்களிலும் யாருக்கேனும் நாளை காலையே வரக்கூடும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), ஸ்ரீரங்கம்.